பலாலிக்குப் போகலாம், வாருங்கள்!

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமா? பயப்பட வேண்டாம், ஒரே ஒரு கேள்விதான். சென்னைக்கு அருகில் இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா?

"இதென்ன கேள்வி? மதுரைதான்! யாழ்ப்பாணம் கடல் கடந்த சீமை அல்லவா?" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் தேசப்படத்தையும் அடிக்கோலையும் எடுத்து வரச் சொல்லுங்கள். நேர்கோடு போட்டு அளந்து பாருங்கள். சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள பலாலி விமான நிலையத்துக்கோ சுமார் 355 கிலோமீட்டர்தான்! திருச்சியிலிருந்து அளந்தால் இன்னும் வேடிக்கை: 200 கிலோமீட்டர்கூட இல்லை.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடுங்கள். இலங்கையின் வர்த்தகத் தலைநகரமான கொழும்பு, பலாலியிலிருந்து வான்வழியே சுமார் 320 கிலோமீட்டர். அதாவது, கொழும்பும் சென்னையும் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம். ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊர் நமக்கு ஏன் இவ்வளவு எட்டத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேசப்படத்தில் இல்லை. பலாலியில் இருக்கும் ஒரு ஓடுபாதையின் கதையில் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

யுத்தம் பெற்ற பிள்ளை

யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில், கடற்கரையை ஒட்டினாற்போல் இருக்கிறது பலாலி. அந்தப் பக்கத்து மண் செக்கச் செவேலென்று இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காவேரி, வைகை மாதிரி ஜீவநதி எதுவும் கிடையாது. எல்லாம் கிணற்று நீர்தான். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஊறுகிற நீரைத் துலா போட்டு இறைத்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த கெட்டிக்காரக் குடியானவர்களின் பூமி அது.

அந்தச் செம்மண் பூமியில் விமானம் எப்படி வந்து இறங்கிற்று? இரண்டாவது உலக மகா யுத்தத்தின் கைங்கரியம்! 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. இலங்கைத் தீவு முழுவதும் யுத்த முஸ்தீபுகள் மும்முரமாயின. அந்த யுத்த காலத்தில் பிரிட்டிஷ் ராயல் விமானப்படை பலாலியில் ஓர் ஓடுபாதையைப் போட்டது. யுத்தம் முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடுபாதை மட்டும் மிஞ்சியது.

சண்டைக்காகப் போட்ட பாதை, சமாதானத்தில் என்ன செய்யும்? கல்யாணத்துக்குப் போட்ட பந்தலில் காதுகுத்தையும் நடத்திவிடுகிற ஜனங்கள் அல்லவா நாம்! அங்கேயும் அப்படித்தான் நடந்தது.

சீதாதேவி பறந்தாள்

1947 டிசம்பர் 10. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அன்று 'ஏர் சிலோன்' கம்பெனியின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பிற்று. எங்கே? சென்னைக்கு. நடுவில் எங்கே இறங்கிற்று? யாழ்ப்பாணத்தில்! ஒரு தேசத்தின் ஆகாயக் கம்பெனி தன் முதல் பிரயாணத்திலேயே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே நூலில் கோத்துவிட்டது.

அந்தக் கம்பெனியிடம் அப்போது இருந்தவை 'டக்கோட்டா' விமானங்கள். அவற்றுக்கு அவர்கள் சூட்டிய பெயர்களைக் கேளுங்கள்: சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி. மூன்றும் ஸ்திரீகளின் பெயர்கள்! இலங்கைக்கு ஆகாய மார்க்கமாக வந்த முதல் பிரயாணி சீதாப்பிராட்டிதான் என்பது நாம் எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் அந்தப் பழைய பிரயாணத்தில் அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தப் புதிய சீதாதேவியோ டிக்கெட் வாங்கியவர்களை எல்லாம் சுமந்துகொண்டு, தன் இஷ்டப்படியே போய் வந்தாள்.

டக்கோட்டாவில் ஏறுவதே ஒரு வேடிக்கை. அதற்கு முன்புறம் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். ஆகையால் தரையில் நிற்கும்போது மூக்கை ஆகாயத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். வால் பக்கத்துக் கதவில் நுழைந்து, சரிவில் ஏறுவதுபோல ஏறித்தான் உங்கள் ஆசனத்துக்குப் போகவேண்டும். ஓடத் தொடங்கி வால் கிளம்பினால்தான் எல்லாரும் நேராக உட்கார முடியும்!

இதற்கு முன் இரு கரையையும் இணைத்தது 'போட் மெயில்'. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சியில் இன்னொரு ரயிலுக்கு மாறவேண்டும். பெட்டி படுக்கை, குழந்தை குட்டி, கூஜா சகிதம் இத்தனை மாற்றம்! விமானம் அந்தத் தூரத்தைக் காலைப் பொழுதுக்குள் அடக்கிவிட்டது. 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிற்று. அதன் பிறகு பலாலியின் மதிப்பு இன்னும் கூடியது.

இரு கரைக்கும் நடுவே போக்குவரவுக்கு என்ன குறை? யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் மணப்பெண் உடுக்கும் புடவைக்குப் பெயர் 'கூறை'. நம்முடைய மாயவரத்துக் கூறைநாட்டை அந்தப் பெயர் உங்களுக்கு ஞாபகப்படுத்தவில்லையா? கோயில் திருவிழாக்களுக்குத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து நாதஸ்வர வித்வான்கள் போனார்கள். நம் வீடுகளிலோ காலை எழுந்ததும் ரேடியோவைத் திருகினால் இலங்கை வானொலி பேசிற்று. கடல் என்று ஒன்று நடுவில் இருந்தது உண்மைதான். ஆனால் அது வாசலில் ஓடுகிற வாய்க்கால் மாதிரி இருந்தது.

கதவு அடைபட்டது

கதை இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 1970களின் இறுதியில் ஏர் சிலோன் கம்பெனி மூடப்பட்டது. 1983க்குப் பிறகு உள்நாட்டு யுத்தம் மூண்டது. யுத்தத்துக்குப் பிறந்த ஓடுபாதை மறுபடி யுத்தத்தின் கைக்கே போய்விட்டது. 1987ல் இந்தியாவின் அமைதிப் படை வந்து இறங்கியதும் இந்தப் பலாலியில்தான்.

1990 ஜூன் மாதம், விமான நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்களின் ஜனங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. பலாலி, வசாவிளான், மயிலிட்டி என்று ஊர் ஊராகக் காலியாயிற்று. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பிரதேசம் 'அதிஉயர் பாதுகாப்பு வலயம்' ஆயிற்று. சில நாள் என்பது இருபது, இருபத்தைந்து வருஷங்களாக நீண்டது.

அதே சமயத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலையும் பல வருஷங்கள் அடைபட்டுக் கிடந்தது. ரயில் இல்லை, சாலை இல்லை. கப்பலும் விமானமுமே கதி. மருந்துக்குப் போகிறவர்களும், பரீட்சைக்குப் போகிறவர்களும், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண்ணை அழைத்துப் போகிறவர்களும் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்தார்கள். 1998 செப்டம்பர் 29ந் தேதி அப்படிப் புறப்பட்ட ஒரு பிரயாணி விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். ஆயுதம் ஏந்தியவர்களின் சண்டையில் பெட்டி ஏந்தியவர்கள் பலியானார்கள்.

சென்னைக்கு வர விரும்பிய யாழ்ப்பாணத்துப் பாட்டி அந்நாளில் என்ன செய்யவேண்டும், தெரியுமா? முதலில் எப்படியாவது தெற்கே கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கிருந்து விமானம் ஏறி, வந்த வழியே வடக்கே திரும்பிப் பறக்கவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மறுபடி ஒரு விமானம்

யுத்தம் 2009ல் முடிந்தது. 2014 அக்டோபரில் 'யாழ்தேவி' ரயில் யாழ்ப்பாணம் வரை மறுபடி ஓடிற்று. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கே வந்துவிட்டது. ஆகாயக் கதவு திறக்க இன்னும் கொஞ்சம் காலம் ஆயிற்று.

2019 அக்டோபர் 17ந் தேதி பலாலி நிலையம் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற புதுப் பெயருடன் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து 'அலையன்ஸ் ஏர்' விமானம் ஒன்று முதலாவதாக வந்து இறங்கிற்று. அடுத்த மாதம் 11ந் தேதி பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, சென்னையில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்க முடிந்தது!

ஆனால் பாருங்கள், நல்ல காரியத்துக்குக் கண்பட்டதுபோல் கொரோனா நோய் வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் சேவை நின்றுபோயிற்று. மறுபடி தொடங்கியது 2022 டிசம்பர் 12ந் தேதி. 2024 செப்டம்பர் முதல் தேதி 'இண்டிகோ' கம்பெனியும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30ந் தேதி திருச்சியிலிருந்தும் வழி திறந்தது. கடலிலும் சும்மா இருக்கவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, சற்றே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடிற்று.

என்னென்ன சௌகரியம்?

"அதெல்லாம் சரி, நிலையத்தில் என்னென்ன சௌகரியம்?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் விமானத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் பறப்பது 'ஏ.டி.ஆர். 72' என்கிற, எழுபதுக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள் உட்காரக்கூடிய இரட்டை விசிறி விமானம். ஜெட் விமானம் இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். முழுப் பாரத்துடன் கிளம்ப அதற்குச் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை போதும். பெரிய ஜெட் விமானங்களுக்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். சின்ன ஊர்களுக்கு விமானம் போக முடிவதே இந்த மாதிரிச் சிக்கன விமானங்களால்தான். பெரிய வண்டி நுழையாத சந்துக்குள் ஜட்கா நுழைவதில்லையா?

இதற்கு இறக்கை கூரைமேல் இருக்கிறது. ஆகையால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். சென்னையிலிருந்து போகும்போது வலப்பக்கத்து ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் கடல்மேல் பறந்தாலும், வானம் தெளிவாயிருந்தால் சோழமண்டலக் கரை வெள்ளை ஜரிகை மாதிரி கூடவே வரும். பிறகு நீலம். அப்புறம், பனங்கூடலும் செம்மண் தோட்டமும் மதில் சூழ்ந்த வீட்டு வளவுகளும் திடீரென்று கீழே விரியும்.

பின்பக்கக் கதவே கீழே மடிந்து படிக்கட்டாகிவிடும். அதில் இறங்கித் தரையில் கால் வைக்கிறீர்கள். பெரிய நிலையங்களில் இருப்பதுபோல் விமானத்தின் வாயிலோடு வந்து ஒட்டுகிற நடைகூடம் இங்கே கிடையாது. முதலில் உங்களை வரவேற்பது யாழ்ப்பாணத்துக் காற்றும் வெயிலும்தான். கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். இரண்டு தேசத்துக்கும் ஒரே நேரம். காசைத்தான் மாற்றவேண்டும். அதற்கும் ரூபாய் என்றே பெயர். மதிப்பு மட்டும் வேறு!

கட்டடம் சின்னது. குடியேற்றச் சோதனை, சுங்கம், பாதுகாப்புப் பரிசோதனை, பிரயாணிகள் உட்காரும் கூடம் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. மீனம்பாக்கத்தில் நடக்கிற நடையில் பாதியாவது இங்கே மிச்சம். வயசான மாமியாரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது தெரியும்.

2019ல் திறந்தபோது நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் நின்றது. அதன் பின்னர் சிங்களமும் ஆங்கிலமும். இதைப் பற்றித் தெற்கே சிலர் முணுமுணுத்ததும் உண்டு. அந்த மண்ணைவிட்டு வருஷக்கணக்காகப் பிரிந்திருந்து திரும்புகிற ஒருவருக்கு அந்த முதல் வரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். அயல் தேசப் பிரயாணம் ஆகையால் பாஸ்போர்ட் அவசியம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சேவைகளும் மாறக்கூடியவை. சின்ன விமானம் என்பதால் மூட்டைக்கும் கட்டுப்பாடு உண்டு. விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் கண்ட இடத்தில் புகைப்படம் எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

"வாங்கோ, இருங்கோ!"

வெளியே வந்ததும் நேரே பட்டணத்துக்கு ஓடிவிடாதீர்கள். பார்க்கவேண்டியவை பக்கத்திலேயே இருக்கின்றன. கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊற்று. ஒரு சுவருக்கு அப்பால் உப்புக் கடல்! அருகிலேயே நகுலேஸ்வரம் கோயில். முகம் கீரியைப் போலிருந்த நகுல முனிவர் இந்தத் தீர்த்தத்தில் ஆடிக் குணமடைந்தார் என்பது ஐதிகம்.

கொஞ்ச தூரத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். சோழ ராஜகுமாரி ஒருத்திக்குக் குதிரை முகம் இருந்ததாம். மாருதப்புரவீகவல்லி என்று பெயர். அவள் கடல் கடந்து வந்து கீரிமலையில் நீராடினாள். குதிரை முகம் நீங்கிச் சுந்தரியானாள். 'மா' என்றால் குதிரை. அது விட்டுப்போன ஊர் மாவிட்டபுரம். நன்றிக்காக அவள் கட்டிய கோயிலுக்கு முருகன் விக்கிரகம் அக்கரையிலிருந்து வந்து இறங்கிய துறைதான் காங்கேசன்துறை என்று சொல்கிறார்கள். அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்து நோய் தீர்ந்து போனவளின் கதை! இந்தக் கடலின் போக்குவரவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல என்பதற்கு வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் நின்றால் "வாங்கோ, வாங்கோ, இருங்கோ!" என்பார்கள். அங்கே 'பேசுவது' என்றால் திட்டுவது. சும்மா பேசுவதற்குக் 'கதைப்பது' என்று பெயர். ஆகையால் "உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்" என்று சொல்லி யாரையும் கலவரப்படுத்திவிடாதீர்கள்! இடியப்பமும் சொதியும் சாப்பிடுங்கள். ஒடியல் கூழ் கிடைத்தால் விடாதீர்கள். திரும்பும்போது பனங்கட்டியும் புழுக்கொடியலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வறுத்து இடிக்கும் கறித்தூளில் ஒரு பொட்டலம் உங்கள் சமையலறைக்கு வந்தால், அடுத்த வாரம் உங்கள் வீட்டுக் குழம்புக்கு ஒரு புது மரியாதை ஏற்படும்.

மண்ணுக்கு உடையவர்கள்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை.

நாம் விமானத்தில் சுகமாக இறங்குகிற இடம் வெறும் பொட்டலாக இருந்ததல்ல. அக்கம்பக்கத்து வெங்காயத் தோட்டங்களும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தமானவை. யுத்தம் முடிந்த பிறகு நிலங்கள் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, காடு இருந்தது. கிணற்றை வைத்தும் பழைய மரத்தை வைத்தும் தங்கள் வளவை அடையாளம் கண்டுபிடித்தார்கள். எல்லா நிலமும் எல்லோருக்கும் திரும்பிவிடவில்லை.

பெரிய விமானம் வரவேண்டுமானால் ஓடுபாதை பெரிதாக வேண்டும். நிலையமும் விரிய வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். ஊர் முன்னேற்றத்துக்கு விமான நிலையம் அவசியம் என்பவர்களும், முப்பது வருஷம் அகதியாக அலைந்த எங்களுக்கு எங்கள் மண் அவசியம் என்பவர்களும், இருவருமே நியாயம் பேசுகிறவர்கள். வாசலை அகலப்படுத்துகிறோம் என்று வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிடலாமா? விமான நிலையம் வளரட்டும். ஆனால் மண்ணுக்கு உடையவர்களைக் கேட்டு, அவர்கள் மனம் ஒப்பி வளரட்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே, 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்து இங்கேயே நரைத்துப்போன தாய்மார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிறந்த ஊரில் தங்கை இருப்பாள். தம்பி பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சின்ன விமானம் உல்லாசப் பிரயாணம் அல்ல. காலையில் இங்கே குளித்துவிட்டுக் கிளம்பி, மத்தியான்னச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடிய ஒரு வழி. கட்டடத்தின் அழகை வைத்தோ கடைகளின் எண்ணிக்கையை வைத்தோ அந்த நிலையத்தை மதிப்பிட முடியுமா?

உங்கள் தெருவிலோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலோ யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தால், பலாலியைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் எழுதாமல் விட்டதை எல்லாம் அவர்கள் சொல்லுவார்கள். கொஞ்சம் சாவகாசமாகப் போய் உட்காருங்கள். கதை சீக்கிரம் முடியாது.